இழுத்துப் பார்க்கிற அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அக்கா என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். கொக்கி கழன்று அட்டை அவர் கையோடு போய்விட்டது.

"பாத்தியா, இப்பவே பூட்ச்சி. மெஷின்ல மாட்டியிருந்தா இன்னாமே ஆயிருப்ப?"

மெஷினில் மாட்டினால் ஆள் தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கொக்கியை இழுத்ததும் கழலும்படி செய்திருக்கிறார்கள். இது எனக்கு அந்த வாரமே தெரிந்துவிட்டது. அக்காவுக்கு ஓய்வு பெறும்வரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அன்றைக்கே என் கயிற்றில் தடிமனான ஊக்கு ஒன்றைக் குத்தி, அதன் மேல் ஒரு முடிச்சும் போட்டு, "இப்ப எவன் இழுத்தாலும் வராது" என்று திருப்தியாகப் போனார். என் நல்ல நேரம், அது எதிலும் மாட்டவில்லை.

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் கம்பெனி. எலெக்ட்ரிக் ஆட்டோவுக்கு பேட்டரிப் பெட்டி கட்டித் தருகிற இடம். நான் அங்கே வெல்டிங் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். வெல்டிங் என்று வீட்டில் சொன்னதும் என் மாமியார் பயந்துபோய், கண் போய்விடும் என்று கல்மண்டபம் கடைத்தெருவில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். இந்த வெல்டிங்கில் நெருப்பு, பொறி, புகை எதுவும் கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. இப்போது அந்தக் கண்ணாடியை அவரே போட்டுக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறார்.

செம்புத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் ஒன்றாக ஒட்டுவதுதான் என் வேலை. இரண்டையும் உருக்கி ஒட்டினால் ஒட்டும், ஆனால் அந்த இடம் பிஸ்கட் மாதிரி உடைந்துவிடும். அதனால் உருக்காமல் ஒட்ட வேண்டும். மெஷினில் ஒரு இரும்பு மூக்கு இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த தகடுகளை அது அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். அந்த அதிர்வில் தகடுகளின் மேல் காற்றுப் பட்டுப் படிந்திருக்கும் மெல்லிய தோல் உரசிப் போய், உள்ளேயிருக்கிற செம்பும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டு ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. காலையில் சில துண்டுகளை எடுத்து இழுக்கிற மெஷினில் மாட்டிக் கிழிப்பார். ஒட்டு பிரிந்து வந்தால் ஃபெயில். ஒட்டு பிரியாமல் பக்கத்துத் தகடு கிழிந்தால் பாஸ். அதாவது ஃபெயில் ஆனதும் குப்பைக்குப் போகும், பாஸ் ஆனதும் குப்பைக்குப் போகும். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று யாரோ அக்காவின் காதில் போட்டிருக்க வேண்டும். அவருக்கென்றே செய்து வைத்த வேலை.

ஏனென்றால் அவர் எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பியதில்லை. சட்டைப் பொத்தான், குழாய்த் திருகு, புடவைக் கடையில் புடவையின் கரை, பிரியாணியில் எலும்போடு இருக்கிற கறி, எல்லாம் ஒரு இழுப்புக்குப் பிறகுதான் அவர் கணக்கில் சேரும். ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் கம்பியைப் பிடித்து உலுக்குவார். சுங்கச்சாவடி ஸ்டாப்பில் ஒரு டிரைவர் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான்.

"யக்கா, வண்டிய வாங்கப் போறியா, ஏறப் போறியா?"

அக்கா இன்னொரு உலுக்கு உலுக்கினார். கம்பி கையோடு வந்துவிட்டது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கா கம்பியை அவனிடம் நீட்டி, "நான் இழுக்கலேன்னா இந்நேரம் எவளாச்சும் வுழுந்து செத்திருப்பா. எனுக்கு நீ தேங்க்ஸ் சொல்லணும்" என்றார். அவன் சொன்ன வார்த்தை தேங்க்ஸ் இல்லை. நாங்கள் அன்று கம்பெனிக்கு நடந்து போனோம்.

பொருளோடு நிறுத்தியிருந்தால் தேவலை. மனிதர்களையும் விடவில்லை. அதற்கு அவர் கை தேவைப்படவில்லை, ஒரு பொய் போதும். லீவு கேட்டுப் போய் நின்றால், "கெடையாது, போ" என்பார். நம் முகம் சுருங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சும்மா சொன்னேன், எப்பவோ எழுதிக் குடுத்துட்டேன்" என்பார். பேக்கிங்கில் இரண்டு பெண்கள் உயிருக்குயிரான சிநேகம். இவளைப் பற்றி அவள் இப்படிச் சொன்னாள் என்று இவளிடம் போய்ச் சொன்னார். ஒரு வாரத்தில் இருவரும் வேறு வேறு மேஜையில் சாப்பிட்டார்கள். ஏன்க்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நெசமான சிநேகமா இருந்தா வுட்டுப் போயிருக்குமா? இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றார்.

அவருடைய தங்கை மகளின் நிச்சயதார்த்தம் வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. மாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பழத்தட்டுகள் வரிசையாக இருந்தன. தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா மாப்பிள்ளையின் அம்மாவை ஓரமாக அழைத்துப் போனார். நான் பக்கத்தில்தான் பாயசத்தோடு நின்றிருந்தேன்.

"பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தி. சோறு வடிக்கத் தெரியாது. வேணாம்னு தோணிச்சின்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்" என்றார்.

அதெல்லாம் பரவாயில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று அந்த அம்மா சொல்ல வேண்டும் என்பது அக்காவின் எதிர்பார்ப்பு. அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். புருஷனைக் கூப்பிட்டார். மூலையில் நின்று பேசினார்கள். பிறகு ரொம்ப மரியாதையாக, சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். ஹால் முழுக்க வாசலுக்கு ஓடியபோது அக்கா மட்டும் தெளிவாக இருந்தார்.

"ஒரு பேச்சு தாங்கல. இவங்க வூட்டுக்கா பொண்ண அனுப்புறது?"

தங்கை அவரோடு பேச்சை நிறுத்தினார். அந்தப் பெண் பிறகு தானே ஒருவனைப் பார்த்து ரிஜிஸ்தர் ஆபீசில் முடித்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு விஷயம் போகக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்துத்தான் செய்தாளாம். அக்காவின் புருஷனைப் பற்றியும் ஒரு முறை கேட்டேன். எப்போதோ கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்த் தனியாக இருக்கிறார் என்று தெரியும். "நல்ல மனுசன்தான். நிக்கல" என்று மட்டும் சொன்னார். என்ன சொல்லி இழுத்துப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் எனக்கு அவரைப் பிடிக்கும். ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த என்னை மெஷினில் உட்கார வைத்தவர் அவர்தான். அதற்கும் ஒரு பரீட்சை இருந்தது. நான் குனிந்து தகடு அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து ஒரு இரும்புத் தட்டைத் தரையில் போட்டார். என் கை அசையவில்லை. "இவ போதும்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். என் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தார். டிரிப்ஸ் ஊசியை இழுத்துப் பார்க்காமல் இருக்க அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கென்று சுறாப்புட்டு வரும். அப்படி ஒரு புட்டை எங்கள் ராயபுரத்தில் வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

நான் காண்டிராக்டில் இருந்தேன். நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். லோடு உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. என் வேலை நிலைத்தால்தான் மகளை நினைத்த பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க முடியும். ஒருவழியாக அந்த வருஷம் உத்தரவு தயாராகிறது என்று பேச்சு வந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் விற்ற பேட்டரிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

ஆட்டோ நன்றாக ஓடிக்கொண்டிருக்குமாம். எண்ணூர் சாலையில் குழிக்குக் குழி குதித்துப் போகும்போது பொசுக்கென்று நின்றுவிடுமாம். பிரித்துப் பார்த்தால் செம்பும் அலுமினியமும் சேர்கிற இடத்தில் கோளாறு. அந்த இடத்தை ஒட்டுகிறவள் நான் ஒருத்திதான். மேனேஜர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அக்காவோ, "என் கையால தொட்டுப் பாத்துத்தான் ஒவ்வொண்ணும் போவுது சார், என்கிட்ட தப்பு கெடையாது" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்த பெட்டிகளைப் பிரிக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

அந்தத் 'தொட்டுப் பார்ப்பதை'ப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் சாம்பிள் கிழிப்பதோடு சரி, மற்றவற்றைக் கண்ணால் பார்த்து அனுப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். அக்காவுக்கு அது போதுமா? நான் ஒட்டி டிரேயில் வைத்து அனுப்பும் ஒவ்வொரு தகட்டையும், அலுமினியத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து லேசாக ஒரு தூக்கு தூக்குவார். "நிக்கிது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போவார். பார்த்தவர்கள் எல்லாம் எவ்வளவு அக்கறை என்று மெச்சினார்கள். நானும் மெச்சியிருக்கிறேன்.

பெட்டிகளைப் பிரித்தபோது ஒட்டு எதுவும் விட்டிருக்கவில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில், அலுமினியத்தின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் ஆரம்பித்து, குலுங்கிக் குலுங்கி முழுக்கக் கிழிந்திருந்தது. மெல்லிய தகட்டை ஒரு முறை மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் செத்துப்போகும். விரிசல் எல்லாவற்றிலும் இடது மூலையில்தான் ஆரம்பித்திருந்தது. அந்த ஹாலில் இடது கைக்காரர் அக்கா ஒருவர்தான். அதோடு, நடுவில் கொஞ்ச நாள் கட்டிய பெட்டிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த நாட்களில் அக்கா காலில் கட்டோடு வீட்டில் இருந்தார். மாடிப்படிக் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்ததில் கைப்பிடியும் தேறவில்லை, அக்காவும் தேறவில்லை.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்தது. இதை நேராக மேனேஜரிடம் கொண்டுபோயிருக்கலாம். மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் போய், கிழிந்த துண்டுகளை டிபன் மூடியில் வைத்து, பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாமே இது?"

"ரிட்டர்ன் வந்ததுக்கா. ஒட்டு நல்லா கீது. ஓரத்துலதான் கிழிஞ்சிருக்கு."

"அலுமினியம் மட்டமா வந்திருக்கும்."

"எல்லாமே எடது மூலைக்கா."

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியில் பார்த்தார். சோறு காய்ந்துகொண்டிருந்தது. பார்த்து முடித்ததும் மேஜை மேல் இருந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லக்கா. உங்ககிட்டதான் மொதல்ல வந்தேன்."

"நாளைக்கு சார்கிட்ட நானே பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்று சொல்லி, துண்டுகளைத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது. யார் என்ன சொன்னாலும் இந்தப் பொம்பளை நேர்மையானவள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை எங்கள் ஹாலில் எல்லாரும் மெஷினைப் போடப் போகும்போது அக்கா மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"முடிவாயிடுச்சி. ஒட்டினவ மேலதான் தப்பு. இன்னையோட உனுக்கு வேலை கெடையாது."

எனக்குப் புரியவில்லை. "அந்தத் துண்டுங்கள சார்கிட்ட காமிச்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா துண்டு?" என்றார்.

அவர் முகத்தையே பார்த்தேன். கண் இமைக்காமல் நின்றார். நான் ஏப்ரனை அவிழ்த்து மெஷின் மேல் வைத்தேன்.

"உங்க கைதான்க்கா. எல்லாம் உங்க கை. நல்லா கீறதையெல்லாம் பிச்சுப் பிச்சுப் பாத்துகினே இருந்தா எதுதான்க்கா நிக்கும்? புருசன் நின்னாரா, தங்கச்சி நின்னாளா? நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன்" என்று சொன்னேன். குரல் உடையாமல் சொன்னேன், அந்த மட்டில் நிம்மதி.

கேட்டை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கட்டுப் பிரித்த காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"நில்லுமே. சும்மா சொன்னேன். காலைலயே சார்கிட்ட எல்லாத்தையும் காட்டி என் கைதான்னு சொல்லிட்டேன். நாளைலேர்ந்து டிரே மேல மூடி போடப் போறாங்க, யாரும் தொட முடியாது. நீ பயந்து வாய மூடிகினு போறியா, நின்னு பேசுறியான்னு பாத்தேன், அவ்ளோதான்."

"பேசினேனா?"

"சூப்பரா பேசின" என்றார். சாம்பிள் பாஸ் ஆகும்போது அவர் முகத்தில் வருகிற அதே பெருமை. பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் நிரந்தர உத்தரவு. அவரே கேட்டு, அவரே கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவருடைய தப்பைச் சொன்ன அதே வாயால் எனக்காகவும் பேசியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் தன் தப்பை மறைத்து என்னைப் பலி கொடுத்திருப்பார்கள். அக்கா அப்படிப்பட்டவர் இல்லை. அந்தக் காகிதத்தை உள்ளேயே கொடுத்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். வீறாப்பாகக் கிழித்துப் போட என் வீட்டில் வசதி இல்லை. என் முழங்கையிலிருந்து அவர் விரல்களை எடுத்து விட்டேன். உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை நாங்கள் ஒரே ஹாலில்தான் இருந்தோம். நான் சண்டை எதுவும் போடவில்லை. பேசக்கூடாது என்று சபதமும் எடுக்கவில்லை. "சாப்டியா?" என்றால் "ஆச்சு" என்பேன். வெள்ளிக்கிழமை புட்டு வரும், சாப்பிடுவேன், டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். அவர் எனக்குச் செய்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். எல்லாம் நினைவுக்கு வரும். அந்த "இன்னா துண்டு?" வந்து முன்னால் நிற்கும், அதோடு சரி.

அவருடைய கடைசி நாளன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேனேஜர் அக்காவின் அக்கறையைப் பற்றிப் பேசினார். பேட்டரி திரும்பி வந்த கதையைச் சொல்லவில்லை. எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என் மெஷின் பக்கம் வந்து நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார்.

"ஒரு வார்த்த பேச மாட்டியாமே?" என்று கேட்டார்.

இது பரீட்சை இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பேச வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். நிஜமாகவே தேடிப் பார்த்தேன்.

"டீ வந்துடுச்சுக்கா. ஆறிடப் போவுது, போய்க் குடிங்க" என்றேன்.

பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பிறகு போய் டீ குடித்தார்.